ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: முதலில் தூரம், அப்புறம் ஹடோகன்

பழைய சண்டை கேம் ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: 1991-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. முப்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அதில் நடப்பதெல்லாம் கண்ணுக்கு எதிரே நடக்கிறது. இரண்டு பேர், ஒரு திரை, 99-லிருந்து இறங்கும் கடிகாரம். எதிராளி என்ன செய்யப் போகிறார் என்பதை அவர் நிற்கும் இடத்தைப் பார்த்தே ஊகிக்கலாம். அந்த ஊகம்தான் ஆட்டம்.

நான் தொண்ணூறுகளில் மதுரையில் ஒரு வீடியோ கேம் கடையில் நின்றுகொண்டே ஆடக் கற்றவன். இப்போது அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரி முதல் வருடம் படிக்கிறான், புது கேம்கள் எல்லாம் ஆடுவான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பதிப்பு

இந்த கேமுக்குப் பல பதிப்புகள் உண்டு. முதல் பதிப்பில் எட்டுப் பேரில் ஒருவரைத்தான் எடுக்க முடியும், இரண்டு பேரும் ஒரே ஆளை எடுக்க முடியாது. 1992-ல் வந்த சாம்பியன் எடிஷன் அதை மாற்றியது. கேமின் நாயகனான ரியூவுக்கு எதிரே இன்னொரு ரியூ நிற்கலாம், கடைசியில் வரும் நான்கு வில்லன்களையும் நாமே எடுக்கலாம். அது ஓடிக்கொண்டிருந்தபோதே ரெயின்போ எடிஷன் என்று, அனுமதியில்லாமல் கேமை மாற்றிய ஒரு திருட்டு போர்டு கடைகளில் பரவியது. அதில் காற்றில் பறந்தபடியே ஹடோகன் (கையிலிருந்து எதிராளியை நோக்கிப் பாயும் ஆற்றல் உருண்டை) விடலாம், எல்லாமே கண்டபடி வேகம். அந்த வேகத்தில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒழுங்கான கேம் மந்தமாகத் தெரிந்தது. அதே வருடக் கடைசியில் கேப்காமே வேகத்தைக் கூட்டி, சமநிலையையும் சரிசெய்து வெளியிட்டதுதான் ஹைப்பர் ஃபைட்டிங்.

அதில்தான் தொடங்கச் சொல்வேன். 1993-ல் சூப்பர் என்ற பதிப்பு வந்தது, நான்கு புது ஆட்கள் சேர்ந்தார்கள். 1994-ல் சூப்பர் டர்போ வந்தது. போட்டிகளில் இன்னும் உயிரோடு இருப்பது சூப்பர் டர்போதான். ஆனால் புதிதாக வருபவருக்கு அதில் கவனிக்க வேண்டியவை அதிகம். ஹைப்பர் ஃபைட்டிங்கில் கை பழகியபின் அங்கே போகலாம்.

எங்கே கிடைக்கும்? 2018-ல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-வது ஆண்டுத் தொகுப்பில் 12 கேம்கள் இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஓடும். ஹைப்பர் ஃபைட்டிங்குக்குப் பயிற்சி முறையும் அதில் உண்டு.

திரையும் கையும்

ஆடத் தொடங்குமுன் டிவி செட்டிங்கில் போய் கேம் மோடை ஆன் செய்யுங்கள். இன்றைய டிவிகள் படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் படம் பார்க்கும்போது தெரியாது. ஆனால் இந்த கேம் நொடிக்கு அறுபது முறை திரையை மாற்றுகிறது, அதில் நாலைந்து ஃபிரேம் தாமதம் வந்தாலே போதும், குதிக்கும் ஆளைப் பார்த்து அடிப்பது முடியாத காரியமாகிவிடும். கண் சரியாகப் பார்த்தும் கை எப்போதும் ஒரு நொடிப்பொழுது பிந்துகிறது என்றால் முதலில் டிவியைச் சந்தேகியுங்கள். வீட்டில் பழைய டப்பா டிவி ஓடும் நிலையில் இருந்தால், பழைய கேம் மெஷினை அதில் மாட்டி ஆடும் சுகமே தனி.

கடைகளில் இருப்பதுபோன்ற ஜாய்ஸ்டிக் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. இந்த கேமுக்கு வேண்டியது திசைக்கு ஒரு கை, ஆறு பட்டன். ஏன் ஆறு என்பதற்கு ஒரு கதை உண்டு, அது ஆட்டத்துக்கும் உதவும்.

1987-ல் தகாஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்சுமோட்டோவும் உருவாக்கிய முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரில், கடைகளில் வைத்த பெரிய கேபினெட்டில் (திரையும் பட்டன்களும் சேர்ந்த கேம் பெட்டியில்) பட்டனே இல்லை. குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என இரண்டு ரப்பர் பேடுகள். ஓங்கி அறைந்தால் பலமான அடி, மெல்லத் தட்டினால் லேசான அடி. ஆடுபவர்கள் கை வலிக்க அறைந்தார்கள். அது சரிப்படவில்லை. அப்புறம் வந்த கேபினெட்டில் அந்த பலத்தையே மூன்றாகப் பிரித்து, குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று பட்டன் வைத்தார்கள். லேசு, நடுத்தரம், பலம். 1992-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சூப்பர் நின்டென்டோ என்ற வீட்டு கேம் மெஷினுக்கு வந்தபோது அதன் பேடில் (கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில்) மேலே நான்கு, தோளில் இரண்டு என்று சரியாக ஆறு பட்டன் இருந்தது. சேகாவின் மெகா டிரைவ் பேடில் மூன்றுதான். 1993-ல் அங்கே இந்த கேம் வந்தபோது சேகா ஆறு பட்டன் பேடு ஒன்றை வெளியிட்டது. அந்த அமைப்பைப் பின்பற்றும் பேடுகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முன்பக்கம் வரிசைக்கு மூன்றாக ஆறு பட்டன், இடதுபக்கம் வட்டமான திசைப்பட்டன். என்னைக் கேட்டால் இந்த கேமுக்கு அதைவிட நல்ல பேடு இல்லை.

கீபோர்டிலும் ஆடலாம். ஆனால் இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆட வேண்டாம். விலை குறைந்த கீபோர்டுகளில் ஒரே நேரத்தில் நாலைந்து கீ அழுத்தினால் சில பதிவாகாது. அடி விழாததற்கு ஆளைத் திட்டுவோம், காரணம் கீபோர்டாக இருக்கும்.

முதல் பாடம்: ஹடோகன் கிடையாது

எல்லோரும் ஹடோகனில்தான் தொடங்குவார்கள். நான் அதைத் தள்ளி வைப்பேன். ரியூவை எடுங்கள், எதிரே உட்காருபவரும் ரியூவை எடுக்கட்டும். விதி இது: குதிக்கக் கூடாது, சிறப்பு அடி எதுவும் கூடாது. நடக்கலாம், தடுக்கலாம், உதைக்கலாம், குத்தலாம்.

தடுப்பது எளிது. எதிராளி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது பின்னால், அழுத்தியிருந்தால் போதும். காலில் வரும் உதையை உட்கார்ந்து தடுக்க வேண்டும், மேலிருந்து குதித்து வரும் அடியை நின்று தடுக்க வேண்டும்.

இப்போது கீழே அழுத்திக்கொண்டு நடுத்தர உதையைத் தட்டுங்கள். ரியூவின் கால் நீளும். அந்தக் கால் எதுவரை போகிறது என்று நன்றாகப் பாருங்கள். அந்த நுனிதான் இந்த கேமின் மையம். நுனிக்கு உள்ளே நின்றால் அடி வாங்குவீர்கள். நுனிக்கு அரை அடி வெளியே நின்றால் அவர் உதை காற்றில் போகும், நீட்டிய கால் திரும்பி வருவதற்குள் நீங்கள் கீழே அழுத்திப் பலமான உதையால் காலை வாரிவிடலாம். கபடியில் பாடி வருபவரும் மூலையில் காத்திருப்பவரும் ஒரு கை நீளத்துக்காக முன்னும் பின்னும் ஆடுவார்களே, அதே ஆட்டம்தான் இது. ஒரு எட்டு முன்னால் வைத்து, அவரை உதைக்கத் தூண்டி, சட்டென்று பின்வாங்கி, தவறிய காலை அடிப்பது. இது வந்துவிட்டால் கேமில் பாதி வந்துவிட்டது.

அக்கா மகனுக்கு இந்தப் பாடம் முதலில் சலிப்பாக இருந்தது. “ஒண்ணுமே நடக்கலையே மாமா” என்றான். கொஞ்ச நேரத்தில் இருவரும் திரையை மூக்கு தொடும் அளவுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தோம். யார் முதலில் காலை நீட்டுவது என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நடப்பது அதுதான்.

ஹடோகன், ஷோர்யூகன்

ஹடோகனுக்கு: கீழே, கீழே-முன்னால் மூலை, முன்னால், குத்து. விரலை எடுக்காமல் உருட்ட வேண்டும், முன்னால் தொடும் கணத்தில் குத்து விழ வேண்டும். வராதபோது என்ன வந்தது என்று பாருங்கள், பிழை அதிலேயே எழுதியிருக்கும். உட்கார்ந்தபடி குத்து வந்தால் அவசரப்பட்டு முன்கூட்டியே பட்டனை அழுத்திவிட்டீர்கள். நின்றபடி குத்து வந்தால் பட்டன் பிந்திவிட்டது, அல்லது மூலையைத் தொடாமல் தாண்டிவிட்டீர்கள். ஆள் குதித்துவிட்டால் விரல் முன்னாலோடு நிற்காமல் மேல் மூலைவரை போய்விட்டது. இந்த மூன்றையும் கவனித்தால் ஒரு மாலைக்குள் வந்துவிடும்.

மேலே எழும்பிக் குத்தும் ஷோர்யூகனுக்கு: முன்னால், கீழே, கீழே-முன்னால் மூலை, குத்து. இங்கே எல்லோருக்கும் வரும் சிக்கல், ஷோர்யூகன் கேட்டால் ஹடோகன் வருவது. காரணம், மூலையில் நிற்காமல் விரல் பழக்கத்தில் மறுபடி முன்னால் போய்விடும். மூலையில் நிறுத்துங்கள். சுவரில் முட்டி நின்றதுபோல் நிற்க வேண்டும்.

இனி இரண்டையும் சேர்க்கலாம். லேசான குத்தில் விட்டால் ஹடோகன் மெல்லப் போகும், பலமான குத்தில் வேகமாகப் போகும். ஒன்று திரையில் இருக்கும்வரை அடுத்ததை விட முடியாது. அரைத் திரை தூரத்தில் நின்று விடுங்கள். எதிராளிக்கு இருக்கும் வழிகள் குறைவு. தடுத்தால் கொஞ்சம் உயிர் (திரையின் மேலே தெரியும் பட்டை) குறையும். குதித்தால், ஒருமுறை தரையை விட்டவர் நடுவானில் திசை மாற்ற முடியாது, அவர் இறங்கும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே ஷோர்யூகன். ஹடோகனின் வேலை அடிப்பது மட்டுமல்ல, ஆளைக் குதிக்க வைப்பதும்தான். அதனால் விட்டவுடன் ஹடோகனைப் பார்க்காதீர்கள், எதிராளியின் காலைப் பாருங்கள். நின்ற இடம் நெருக்கமாக இருந்தால் அவர் குதித்து உங்கள் தலையில் இறங்கிவிடுவார், நீங்கள் இன்னும் கையை மடக்கியிருக்க மாட்டீர்கள். இங்கேயும் தூரம்தான்.

எதிராளியின் கையைப் படிப்பது

ரியூ பழகியபின் கைல் என்ற ஆளை எடுத்துப் பாருங்கள். இந்த கேமை நான் விரும்புவதற்கான காரணம் கைலிடம் தெளிவாகத் தெரியும். ஹடோகன்போல் தூரத்துக்குப் பாயும் அவனுடைய சோனிக் பூமுக்குப் பின்பக்கம் ஏறக்குறைய ஒரு நொடி அழுத்தியிருந்து, அப்புறம் முன்னால் தள்ளிக் குத்த வேண்டும். எழும்பி உதைக்கும் ஃபிளாஷ் கிக்குக்குக் கீழே அழுத்தியிருந்து, மேலே தள்ளி உதைக்க வேண்டும். பின்-கீழ் மூலையில் அழுத்தியிருந்தால் இரண்டும் தயார்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்து யோசியுங்கள். கைல் உட்கார்ந்திருக்கிறானா? இரண்டும் தயாராக இருக்கலாம், குதிக்காதே. கைல் முன்னால் நடந்து வருகிறானா? இந்தக் கணம் அவனிடம் சோனிக் பூம் இல்லை, இப்போது போ. அவன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்பதை அவன் நடையே காட்டிக்கொடுக்கிறது. ஒரு சின்ன விதி இவ்வளவு அழகான நாடகத்தை உண்டாக்குகிறது. இதை வடிவமைத்த அகிரா நிஷிடானியையும், ஆட்களை வரைந்த அகிரா யசுடாவையும் நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தால்சிம் இந்தியாவிலிருந்து வருபவர் என்பதால் நம்மவர்கள் பலர் அவரையே முதலில் எடுப்பார்கள். மேடையின் பின்னால் யானைகள், கழுத்தில் மண்டையோடு. கைகால் நீளும், ஆனால் மெல்ல நீளும். தூரத்தை அளக்கத் தெரிந்தபின் அவரைப்போல் ஆனந்தம் தருபவர் இல்லை, தெரியாதவர் கையில் அவர் நீட்டிய கையிலேயே அடி வாங்குவார். பிளாங்காவுக்கு மின்சாரமும் சுன்-லிக்கு மின்னல் உதையும் ஒரே பட்டனை விடாமல் தட்டினால் வரும். குழந்தைகளுடன் ஆடும்போது அவர்களைக் கொடுங்கள்.

தூக்கிப் போடுவது போங்கு அல்ல

பக்கத்தில் போய் முன்னாலோ பின்னாலோ அழுத்திக்கொண்டு நடுத்தர அல்லது பலமான குத்தை அழுத்தினால் ஆளைத் தூக்கிப் போடலாம். தடுத்துக்கொண்டிருப்பவரையும் தூக்கலாம். ஹைப்பர் ஃபைட்டிங்கில் அதிலிருந்து தப்ப வழியில்லை. சூப்பர் டர்போவில்தான் சேதத்தைக் குறைத்துக்கொண்டு காலில் ஊன்றி இறங்கும் வசதி வந்தது.

எங்கள் கடையில் இதற்காகச் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அக்கா மகனும் அதையேதான் சொன்னான்: “மாமா, இது போங்கு. நான் பிளாக்தானே பண்ணிட்டிருக்கேன்?” அவனிடம் கேட்டேன்: தூக்குவது இல்லை என்றால், கொஞ்சம் உயிர் அதிகம் உள்ளவர் உட்கார்ந்து தடுத்துக்கொண்டே கடிகாரம் ஓடும்வரை இருந்துவிடலாமே, அப்போது நீ என்ன செய்வாய்? அடியைத் தடுப்பு வெல்லும், தடுப்பைத் தூக்கு வெல்லும், தூக்க வருபவரை முந்திய அடி வெல்லும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் பொருளிழக்கும். உங்கள் வீட்டில் தூக்கக் கூடாது என்று விதி வைக்காதீர்கள். தூக்கும் தூரத்துக்குள் அவர் வராமல் காலை நீட்டி நிறுத்தப் பழகுங்கள்.

காம்போ, கடைசியில்

ஒன்றன்பின் ஒன்றாக விழும் அடித்தொடரை, முதல் அடி பட்டால் மற்றவற்றைத் தடுக்கவே முடியாததை, காம்போ என்கிறோம். இன்று சண்டை கேம் என்றாலே அதுதான். ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் அது திட்டமிட்டு வைத்ததல்ல. காரை நொறுக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த கேப்காமின் நொரிடகா ஃபுனமிசு, சரியான நேரத்தில் அழுத்தினால் அடிகள் இடைவெளி இல்லாமல் சேர்வதைக் கவனித்தார். இவ்வளவு நுணுக்கமான நேரத்தில் யாராலும் அழுத்த முடியாது, ஆட்டத்துக்குப் பயன்படாது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். கடைகளில் ஆடியவர்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்துப் பழக்கமாக்கினார்கள்.

நீங்கள் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: ரியூவில் கீழே அழுத்தி நடுத்தர உதை, கால் பட்டவுடன் ஹடோகன். முதல் பாடத்தில் அளந்த அதே உதைதான். உதைக்கும்போதே விரல் கீழே இருப்பதால் உருட்டலின் முதல் பாதி ஏற்கனவே முடிந்திருக்கும், மூலை, முன்னால், குத்து மட்டும் பாக்கி. இது கையில் வந்தபின் நீங்கள் நீட்டும் ஒவ்வொரு காலும் எதிராளிக்குக் கவலை தரும்.

கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம்

தனியாக ஆடும்போது வரும் கம்ப்யூட்டர் எதிராளியிடம் கற்காதீர்கள். அதன் கைல் பின்னால் அழுத்திக் காத்திருக்காமலே, நடந்து வந்தபடியே சோனிக் பூம் விடுவான். மேலே சொன்ன படிக்கும் வித்தை எல்லாம் அங்கே பாழ். பட்டன் பழக மட்டும் அது போதும். இந்த கேம் மனிதருக்கு எதிராக ஆட வேண்டியது. தொண்ணூறுகளில் அமெரிக்கக் கடைகளில் இருவரும் ஒரே கேபினெட் முன்னால் தோளோடு தோள் நிற்பார்கள், அடுத்து ஆட வேண்டியவர் ஒரு காசைக் கண்ணாடி விளிம்பில் வைத்து இடம் பிடிப்பார். ஜப்பானில் முதுகு ஒட்டிய இரண்டு கேபினெட்டில் எதிரெதிரே உட்கார்ந்து, யாருடன் ஆடுகிறோம் என்று முகம் தெரியாமலே ஆடுவார்கள்.

பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஆன்லைன். இணையத் தாமதத்தை மறைக்கும் ரோல்பேக் முறையை ஜிஜிபிஓ என்ற பெயரில் எழுதிய டோனி கேனன், சண்டை கேம்களின் மிகப் பெரிய போட்டியான எவோவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஹைப்பர் ஃபைட்டிங் எக்ஸ்பாக்ஸ் 360-ல் 2006-ல் வந்தபோது அதன் ஆன்லைன் ஆட்டம் மனதுக்குப் பிடிக்காமல்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். வைஃபையை விட்டு கேபிள் போட்டு ஆடுங்கள், எதிரே இருப்பவருக்கு அது பெரிய உதவி.

ஆடும்போது சத்தத்தைக் குறைக்காதீர்கள். யோகோ ஷிமோமுராவின் இசைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவரின் உயிர் ஆபத்தான அளவுக்குக் குறைந்தவுடன் பாட்டு வேகமெடுக்கும், எல்லாரும் அந்தக் கணத்தில் அவசரப்படுவார்கள். குதிப்பவர்கள் அப்போதுதான் குதிப்பார்கள். மூலையில் விரலை வைத்துக் காத்திருங்கள்.

அடுத்து எங்கே

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் முதல் பாகத்தை உருவாக்கிய அதே இருவர் எஸ்என்கே என்ற வேறொரு கேம் நிறுவனத்துக்குப் போய், 1991-லேயே ஃபேட்டல் ஃபியூரியைத் தந்தார்கள். அங்கிருந்து கிளைத்தது மூன்று பேர் அணியாக ஆடும் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ். எங்கள் கடையில் அதன் 97-ம் வருடப் பதிப்பின் முன்னால்தான் கூட்டம் அதிகம். 1992-ல் வந்த மார்ட்டல் காம்பாட் நிஜ நடிகர்களைப் படம்பிடித்துச் செய்தது. அதன் ரத்தம் அமெரிக்க செனட் விசாரணைவரை போய், 1994-ல் கேம்களுக்கு வயதுத் தரம் போடும் அமைப்பு உருவானது. எனக்கு அதன் அடிகள் ஒரே மாதிரி தோன்றும், அதனால் இரண்டாம் இடம்தான் கொடுப்பேன். 1993-ன் விர்ச்சுவா ஃபைட்டர் முப்பரிமாணத்தில் வந்தது. அது வேறு பள்ளி, தனியாகக் கற்க வேண்டும்.

ஆனால் இங்கே கற்றது நேராகப் பயன்படும் இடம் 1999-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக். அதே 30-வது ஆண்டுத் தொகுப்பில் அதுவும் இருக்கிறது. அதில் பாரி என்று ஒன்று உண்டு. அடி படும் கணத்தில் பின்னால் போகாமல் முன்னால் ஒரு தட்டு தட்டினால் சேதமே இல்லாமல் அடி விலகும். 2004 எவோவில் ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா எடுத்திருந்த கென் என்ற ஆளுக்கு உயிர் ஒரு கீற்றுதான் மிச்சம், தடுத்தாலும் செத்துவிடுவான். எதிரே ஆடிய ஜஸ்டின் வாங்கின் சுன்-லி, சூப்பர் என்னும் பெரிய சிறப்பு அடித்தொடரை விட்டாள். பதினைந்து உதைகளையும் டைகோ ஒவ்வொன்றாகப் பாரி செய்து, திருப்பி அடித்து வென்றார். வீடியோ இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பார்க்கும்போது உதைகளை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய சில நொடிகளைப் பாருங்கள். கென் எங்கே நிற்கிறான், எப்படி முன்னும் பின்னும் நகர்ந்து அந்த சூப்பரை அவளிடமிருந்து வரவழைக்கிறான் என்று கவனியுங்கள். அப்புறம் பயிற்சி முறையில் எதிரே சுன்-லியை நிறுத்தி, ஒற்றை உதையைப் பாரி செய்வதிலிருந்து தொடங்குங்கள்.